இறங்கும்போது சிரிப்பு! ஏறும்போது தவிப்பு!

மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் முதலில் ஏறுவார்கள். அப்புறம் இறங்குவார்கள். களைத்துப் போனால் பாதி வழியில் திரும்பிவிடலாம். திரும்புகிற வழி இறக்கம். கால் தானாக வரும்.

இதற்கு நேர்மாறான இடம் ஒன்று இருக்கிறது. அங்கே முதலில் இறக்கம். பிறகுதான் ஏற்றம்! காலையில், தெம்பாக இருக்கும்போது இறங்குகிறார்கள். உடம்பு களைத்து, வெயில் உச்சிக்கு வந்து, தண்ணீரும் பாதி தீர்ந்த பிறகு ஏறுகிறார்கள்.

அந்த இடத்தின் பெயர் கிராண்ட் கேன்யன். "பெரும் பள்ளத்தாக்கு" என்று பொருள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது.

எவ்வளவு பெரிது? நீளம் 446 கிலோமீட்டர். மிக அகலமான இடத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் 29 கிலோமீட்டர். ஆழம் ஐந்தாயிரம் அடிக்கு மேல். அடியிலே கொலராடோ ஆறு ஓடுகிறது. அந்த ஆறுதான் பாறையை அறுத்து அறுத்து இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தோண்டியது. அதற்கு ஐம்பது, அறுபது லட்சம் ஆண்டுகள் பிடித்தன என்கிறார்கள் அறிஞர்கள்.

தென் கரையில் நின்றால் வட கரை கண்ணுக்கு எதிரே தெரிகிறது. காக்கை பறந்தால் 16 கிலோமீட்டர்தான். காரில் போக வேண்டுமானால் சுற்றிக்கொண்டு 340 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும்!

வழிகாட்டி எதற்கு?

2024-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 49 லட்சம் பேர் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கரையில் நின்று பார்த்தார்கள். "அடேயப்பா!" என்றார்கள். படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதையில் காலை வைத்து உள்ளே இறங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்தக் கொஞ்சம் பேருக்காக நடப்பதுதான் பகல்நடைச் சுற்றுலா. மூன்று நாள், ஐந்து நாள் என்று வந்து தங்குகிறார்கள். இரவில் கரைமேல் உள்ள விடுதியில் படுக்கை. பகலில் நடை. கூடாரம், அடுப்பு, பாய் எதுவும் தூக்க வேண்டாம். முதுகுப் பையில் தண்ணீரும் தின்பண்டமும் இருந்தால் போதும். பொழுது சாய்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும். பிளாக்ஸ்டாஃப் என்ற பட்டணம் 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நடுவிலே பைன் மரக் காடும் பொட்டல் வெளியும்தான்.

பத்துப் பேர் சேர்ந்து போனால் கூடவே ஒரு வழிகாட்டி வருகிறார். பணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டப் பூங்கா நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். முதலுதவியும் படித்திருக்க வேண்டும்.

"பாதை ஒன்றுதானே இருக்கிறது? வழி எங்கே தவறப் போகிறது? வழிகாட்டி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஆனால் அவர் வழியைக் காட்ட வருவதில்லை. திரும்ப வேண்டிய இடத்தைக் காட்ட வருகிறார்!

விடியற்காலையில்...

தென் கரையிலிருந்து இறங்கும் பாதைகளில் ஒன்று தெற்குக் கைபாப் பாதை. தொடங்கும் இடமே 7,200 அடி உயரம். சொந்தக் காரில் அங்கே போக முடியாது. பூங்காவின் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

விடியும் நேரத்தில் கூட்டம் கூடுகிறது. கரைமேல் நல்ல குளிர். வழிகாட்டி எல்லோருடைய பையையும் திறந்து பார்க்கிறார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நோட்டுப் பார்ப்பது போல! "தண்ணீர் எவ்வளவு? உப்புப் போட்ட கடலை இருக்கிறதா? தொப்பி எங்கே?" என்று கேட்கிறார். இந்தப் பாதையில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நிழலும் அருமை.

உப்புக் கடலை எதற்கு? வேர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்துவிடும். தலை சுற்றும், வாந்தி வரும், நினைவு தப்பும். தாகத்தால் விழுந்தவரும் உண்டு. தண்ணீரை மட்டும் குடித்து விழுந்தவரும் உண்டு.

பிறகு கணக்குச் சொல்கிறார். கையிலுள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு இறங்குவதற்கு. இரண்டு பங்கு ஏறுவதற்கு. நேரமும் அப்படித்தான். ஒரு மணி நேரம் இறங்கினால், ஏற இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இறங்கத் தொடங்கியதும் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்!

பாதை வளைந்து வளைந்து போகிறது. சிரிப்பும் பேச்சும்தான். ஒன்றரைக் கிலோமீட்டர் போனதும் ஒரு திருப்பம். திடீரென்று பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் விரிகிறது. அந்த இடத்துக்குப் பெயரே "ஊ-ஆ முனை". அங்கே வந்தவர்கள் "ஊ!" "ஆ!" என்று வாயைப் பிளப்பதால் வந்த பெயர்!

பாறைக்குப் பெயர் பிரம்மா!

இங்கே வழிகாட்டி கைகாட்டும் பெயர்களைக் கேட்டால் நம்மவர்களுக்கு வியப்பாக இருக்கும். எதிரே கோபுரம் போல நிற்கும் ஒரு பாறைக்குப் பிரம்மா கோவில் என்று பெயர். வேறு பக்கம் விஷ்ணு கோவில். மேற்கே சிவன் கோவில். ராமனுக்கும் கிருஷ்ணனுக்கும்கூட ஒவ்வொரு பாறை உண்டு!

கோவிலும் இல்லை, பூசாரியும் இல்லை. எல்லாம் வெறும் பாறைகள்தான். கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்க ராணுவ கேப்டன் நிலநூல் ஆராய்ச்சிக்காக இங்கே வந்தார். அவருடைய பெரிய நூல் 1882-ல் வெளிவந்தது. இந்தப் பாறைகள் கீழை நாட்டுக் கோவில்களை அவருக்கு நினைவூட்டின. விஷ்ணு, சிவன் என்று பெயர் வைத்தார். மற்றவர்களும் அந்த வழியிலே போனார்கள். பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் கறுத்த பாறைக்கும் விஷ்ணு பாறை என்றே பெயர். அதன் வயது 170 கோடி ஆண்டுகளுக்கு மேல்!

சிவன் கோவில் பாறையைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. நான்கு பக்கமும் செங்குத்தாக நிற்கும் பாறை அது. உச்சியில் காடு. அங்கே வாழும் மிருகங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பே இல்லாமல் வேறு விதமாக மாறியிருக்கலாம் என்று அறிஞர்கள் நினைத்தார்கள். 1937-ல் நியூயார்க் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு குழு புறப்பட்டது. பத்திரிகைகள் விடுமா? ஆதிகால ராட்சத மிருகமே அங்கே இருக்கும் என்கிற அளவுக்கு ஊதின. குழு உச்சிக்குப் போயிற்று. இருந்தவை எலியும் முயலும் அணிலும்தான். போதாததற்கு, பள்ளத்தாக்கில் படம் பிடித்துப் பிழைத்த எமெரி கோல்ப் என்பவர் அவர்களுக்கு முன்பே அங்கே ஏறி, காலிப் பிலிம் பெட்டிகளைப் போட்டுவிட்டு வந்திருந்தார்!

சுவரில் தெரியும் பட்டைகளையும் வழிகாட்டி காட்டுகிறார். மேல்தட்டு 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி. கடல் பிராணிகளின் ஓடுகள் பாறைக்குள்ளே இருக்கின்றன. அதற்குக் கீழே வெளிறிய சுவர். அது ஒரு காலத்துப் பாலைவன மணல்மேடு. காற்று அடித்த வரிகள் இன்றும் தெரிகின்றன. அதற்கும் கீழே சிவப்புப் பாறை. அதில் செடிகளின் அச்சுப் பதிந்திருக்கிறது. கீழே போகப் போக, காலம் பின்னால் போகிறது.

இதற்கு மேல் வேண்டாம்!

பாதை தொடங்கி 2.4 கிலோமீட்டரில் சீடர் முகடு வருகிறது. 1,100 அடிக்கு மேல் இறங்கியாயிற்று. தட்டையான செம்மண் திடல். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பாறை அணில்கள் ஓடிவந்து கையை நீட்டுகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் கடித்துவிடும். இந்தப் பூங்காவில் அதிகம் பேரைக் காயப்படுத்துவது பாம்பும் அல்ல, தேளும் அல்ல. இந்த அணில்தான்!

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் இளைஞர். அவர் எழுந்து நின்று கேட்பார். "ஆறு இன்னும் கண்ணில் படவே இல்லையே! இன்னும் கொஞ்சம் போனால் தெரியும் என்கிறார்களே, போகலாமா?"

அவர் சொல்வது மெய்தான். இன்னும் 2.4 கிலோமீட்டர் போனால் எலும்புக்கூடு முனை என்று ஓர் இடம் வரும். அங்கிருந்துதான் ஆறு முதல் தடவையாகத் தெரியும். கால் வலிக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. மணி ஒன்பதுதான் ஆகிறது. பையிலே தண்ணீரும் இருக்கிறது. உடம்பு "போ, போ" என்கிறது.

கோடை நாளானால் வழிகாட்டி மாட்டேன் என்கிறார்.

அவருக்குத் தெரிந்த கணக்கு இது. கீழே இறங்க இறங்க வெயில் கூடும். கரைமேல் இருப்பதைவிட அடியில் சுமார் 11 டிகிரி செல்சியஸ் அதிகம். கோடையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கு மணி வரை ஏற்றத்தில் இருக்கக் கூடாது என்கிறது பூங்கா நிர்வாகம். ஒரே பகலில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப முயல வேண்டாம் என்றும் பலகை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் பள்ளத்திலிருந்து மீட்கப்படுகிறார்கள் என்றும் எச்சரிக்கிறது. மீட்கப்பட்டவர்கள் எல்லாம் கிழவர்கள் என்று நினைக்காதீர்கள். உடம்பில் வலு உள்ள வாலிபர்கள்தான் அதிகம்!

இளைஞர் முகம் சுருங்குகிறது. கொடுத்த பணத்துக்கு ஆற்றைக்கூடக் காட்டவில்லையே என்று தோன்றும். ஆனால் அவர் கொடுத்த பணம் இந்த ஒரு சொல்லுக்குத்தான் என்பேன்.

திரும்பும்போது வழிகாட்டி முன்னால் நடக்கிறார். ஆமை வேகம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மணிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, காலைப் பாறைமேல் தூக்கி வைத்து, பத்து நிமிடம் இளைப்பாற வேண்டும்.

காலையில் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. கரை அதோ தெரிகிறது. நடந்தும் அது கிட்டே வரவில்லை. ஆற்றைப் பார்க்கத் துடித்த இளைஞர் கடைசித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறார். அந்த 2.4 கிலோமீட்டரையும் சேர்த்துப் போயிருந்தால் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

சுங்கச் சாவடி இருந்த பாதை

மறுநாள் பிரைட் ஏஞ்சல் பாதை. இதில் வழியிலே தண்ணீர்க் குழாய்கள் உண்டு. குழாய் உடைந்தால் அதுவும் இல்லை. அதனால் புறப்படுமுன் விசாரிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தப் பாதையில் இறங்க ஒரு டாலர் சுங்கம் கொடுக்க வேண்டியிருந்தது! ரால்ப் கேமரூன் என்பவர் பாதையைத் தன் கையில் வைத்துக்கொண்டு வசூல் செய்தார். அவருக்குப் பணம் கொடுக்காமல் இறங்க வேண்டும் என்பதற்காகவே பூங்கா நிர்வாகம் தெற்குக் கைபாப் பாதையை வெட்டி 1925-ல் முடித்தது. 1928-ல் இந்தப் பாதையும் பூங்காவின் கைக்கு வந்தது.

அதே 1928-ல்தான் ஒரு கொடுமையும் நடந்தது. இந்தப் பாதையில் ஏழு கிலோமீட்டர் கீழே ஒரு பசுஞ்சோலை உண்டு. ஊற்று நீர், பெரிய மரங்கள். ஹவசுபாய் என்ற பழங்குடி மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வந்தார்கள். பூங்கா வந்தது. அவர்களைப் போகச் சொன்னது. கடைசியாக மிஞ்சியவரும் அந்த ஆண்டில் வெளியேற்றப்பட்டார். 2022-ல்தான் அந்த இடத்துக்கு ஹவசுபாய் தோட்டம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் திரும்பி வந்தது, 94 ஆண்டு கழித்து.

இந்தப் பாதையின் ஓரத்தில் ஒரு பாறை கிடக்கிறது. மேலிருந்து உருண்டு விழுந்தது. எத்தனையோ பேர் அதைக் கடந்து போனார்கள். 2016-ல் அந்த வழியே போன ஒரு பேராசிரியர் அதன்மேல் கால் தடங்களைக் கண்டார். 31 கோடி ஆண்டுகளுக்கு முன் மணல் சரிவில் நடந்த நாலுகால் பிராணியின் தடம்!

வழியில் மணியோசை கேட்டால் ஒதுங்கிவிட வேண்டும். கோவேறு கழுதைகள் வருகின்றன. பள்ளத்து ஓரமாக ஒதுங்கக் கூடாது. மலைச் சுவர் ஓரமாக அசையாமல் நிற்க வேண்டும். அடியிலே பேன்டம் பண்ணை என்ற விடுதி 1922 முதல் இருக்கிறது. அதற்கு வேண்டிய சாமான்கள் இன்றும் கழுதை முதுகில்தான் போகின்றன. அங்கிருந்து கடிதம் போட்டால் "கழுதையில் வந்த தபால்" என்று முத்திரை குத்தி அனுப்புகிறார்கள்!

போகிறவர்கள் வசந்த காலத்திலோ செப்டம்பருக்குப் பிறகோ போவது நல்லது. குளிர்காலத்தில் மேல் பாதையில் பனி உறைந்து வழுக்கும். பழகின செருப்பு அவசியம். புதுச் செருப்பு போட்டு வந்தவர்கள் முதல் நாளே கால் கொப்புளத்தோடு விடுதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இரவு சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கரைக்கு வருகிறார்கள். பள்ளத்தாக்கு ஒரே இருட்டு. ஊர் விளக்கு எதுவும் இல்லாததால் வானம் நிறைய நட்சத்திரம். கீழே பார்த்தால், எங்கோ ஆழத்தில், இரண்டு சின்ன வெளிச்சங்கள் அசைகின்றன. யாரோ நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறி வருகிறார்கள். காலையில் சிரித்துக்கொண்டு இறங்கியவர்கள்தான்.

அரை மணி கழித்துப் பார்த்தாலும் அந்த வெளிச்சங்கள் முன்பு இருந்த இடத்திலேயே இருப்பது போலத்தான் தெரிகிறது.