பருப்பும் முட்டையும் பிடிக்காதவர்களுக்கு

மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், வைட்டமின்கள், தாது உப்புக்கள் என்று சத்துக்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவித்து நாங்கள் மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். ஆனால் மணி அடித்து உணவுக்கூடத்திற்குப் போனதும், சாம்பாரில் அடியில் கிடக்கும் பருப்பை விட்டுவிட்டு மேலே நிற்கும் தெளிவை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொள்கிறவர்களும் நாங்களே. முட்டை தரும் நாளில் அது ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டிற்குச் சத்தமில்லாமல் பயணம் செய்வதை விடுதியில் தங்கிப் படிக்கும் அனைவரும் அறிவார்கள். சிஸ்டர்களும் அறிவார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பிய வாரத்தில், எங்கள் தோழி ஒருத்தி காலை வழிபாட்டின்போது மயங்கி விழுந்தாள். இரத்தத்தைப் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருந்தது. எங்கள் வயதுப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை என்பர். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, உணவு முறையை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். முட்டை, பருப்பு, மீன், கீரை ஆகியவற்றைத் தினமும் சேர்க்கவேண்டுமாம். ஹீமோகுளோபின் இரும்பினால் மட்டும் ஆனதன்று. அதில் குளோபின் என்னும் புரதமும் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். உண்ண வேண்டியவள் அவளல்லவா? முட்டையைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். பருப்பு என்றால் வயிறு உப்புசம். மீன் வாடை ஆகாது. சோறும் ரசமும் ஊறுகாயும் இருந்தால் அவளுக்குப் போதும்.

இப்படிப்பட்ட வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் ஆராயத் தொடங்கியது அப்போதுதான்.

முட்டையின் கதையை முதலில் சொல்கிறோம். ஏழாம் வகுப்பில் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அன்றிரவு முட்டைக் குழம்பு சாப்பிட்டிருந்தாள். நள்ளிரவில் வாந்தி எடுத்தாள். வாந்திக்குக் காரணம் காய்ச்சல்தான். ஆனால் அவளுடைய மூளை பழியை முட்டையின் மேல் போட்டுவிட்டது. 1955-ஆம் ஆண்டில் ஜான் கார்சியா என்ற அமெரிக்க அறிஞர் எலிகளை வைத்து இதைக் காட்டினார். எலிகளுக்கு சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் கொடுத்து, கதிர்வீச்சினால் நோய்வாய்ப்படச் செய்தார். பிறகு அவ்வெலிகள் அந்த இனிப்பு நீரைத் தொடவே மறுத்தன. உண்ட பின் உடம்புக்கு முடியாமல் போனால், ஒரே தடவையிலேயே அந்தச் சுவை மீது வெறுப்பு ஏற்பட்டுவிடும். நச்சுப் பொருள்களை மறுபடியும் தின்னாதிருக்க உயிரினங்களுக்கு அமைந்த காவல் இது. ஆகவே ஒரு குழந்தை முட்டையை ஒதுக்கினால் அது பிடிவாதம் என்றே பெற்றோர் முடிவு கட்டிவிடக் கூடாது என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

வாடைக்கும் காரணம் உண்டு. முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள புரதத்தில் கந்தகம் இருக்கிறது. அதிக நேரம் கொதித்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு வெளிப்படுகிறது. அவ்வாயு மஞ்சள் கருவில் உள்ள இரும்புடன் சேரும்போதுதான் கருவைச் சுற்றிப் பச்சை நிற வளையம் உண்டாகிறது. பெரிய அண்டாவில் நூறு முட்டைகளை ஒன்றாக வேகவைத்து வெந்நீரிலேயே விட்டுவைத்தால் அந்த வளையமும் வாடையும் வரத்தான் செய்யும். பத்து நிமிடம் போல வேகவைத்து உடனே குளிர்ந்த நீரில் போட்டால் பெரும்பாலும் வராது. மீன் வாடைக்குக் காரணம் டிரைமெத்திலமின் என்னும் பொருள். அது காரத்தன்மை உடையது; புளியும் எலுமிச்சையும் அமிலங்கள். அமிலம் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் வாடை எழும்புவதில்லை. மீன் குழம்பில் நம் பாட்டிமார்கள் புளியைத் தாராளமாகக் கரைத்தது வேதியியல் படித்தல்ல!

இனிப் பருப்புக்கு வருவோம். பருப்பிலும் பயறுகளிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உள்ளன. இவற்றைச் சிதைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் இவற்றை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால் இச்சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். பாசிப்பயறை முளைகட்டினாலும் குறையும். சிறிதளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினால் குடலும் பழகிக்கொள்ளும். நேற்றுவரை பருப்பே தொடாதவர் இன்று இரண்டு கரண்டி சுண்டல் தின்றுவிட்டு, ‘எனக்குப் பயறு ஒத்துக்கொள்ளாது’ என்பது நியாயமா?

இவ்வளவு பாடுபட்டுப் புரதத்தை ஏன் உண்ண வேண்டும் என்று கேட்பீர்கள். தசை, தோல், முடி, நகம், இரத்தம், நொதிகள் எல்லாவற்றிற்கும் அது வேண்டும். 1838-ல் முல்டர் என்ற டச்சு வேதியியல் அறிஞர் ‘புரோட்டீன்’ என்ற பெயரைத் தம் கட்டுரையில் பயன்படுத்தினார். முதன்மையானது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாட்டில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், உடல் வீங்கி முடி நிறம் மாறிய குழந்தைகளைப் பற்றி 1933-ல் எழுதினார். அந்நோய்க்கு அவ்வூர் மக்கள் வைத்திருந்த பெயர் குவாஷியார்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்து, வெறும் சோளக் கூழில் வளர்ந்த மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. வயிறு நிறைந்தாலும் உடம்பு நிறையாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பதின்மூன்று முதல் பதினைந்து வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 43 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் கூறியுள்ளது. பயந்துவிட வேண்டாம். நூறு கிராம் அரிசியிலேயே 7 கிராமுக்குமேல் இருக்கிறது. சோறும் இட்லியுமாக நாளைக்கு 300 கிராம் அரிசி உண்டால் 22 கிராம் போல வந்துவிடும். மீதம் 21. ஒரு முட்டை 6 கிராம், ஒரு தம்ளர் பால் 6 கிராம், ஒரு கைப்பிடிப் பருப்பு, அதாவது 40 கிராம், 9 கிராம். கணக்கு சரியாகிவிட்டது! முட்டை உண்ணாத வீட்டார் அதற்குப் பதிலாக ஒரு பிடி வேர்க்கடலை சேர்த்துக்கொள்ளலாம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆகவே இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்ந்திருப்பது ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கும் நல்ல குடும்பம் போன்றது.

எங்கள் தோழி எப்படிப் பழகினாள்? முதல் இரண்டு நாட்கள் நாங்களே அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ‘மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கு’ என்று வற்புறுத்தினோம். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மணமே ஆதலால் மூக்கைப் பிடிப்பதில் பயனில்லாமல் இல்லை. ஆனால் வற்புறுத்தியதால் அவள் அழுதாள், சோற்றையும் வைத்துவிட்டாள். அது எங்கள் தவறு. அப்போது தவக்காலமும் வந்தது. தவக்காலத்திற்கு முட்டையை ஒறுத்தல் செய்யப் போவதாக அவள் சொன்னாள். “பிடிக்காததை விடுவது ஒறுத்தலாகுமா, அம்மா?” என்று விடுதி சிஸ்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பிறகு அவர்களே வழியும் சொன்னார்கள்: வெறுப்பதை விட்டுவிட்டு, சிறிதேனும் பிடித்ததிலிருந்து தொடங்கு.

அவளுக்குப் பிடித்தவை ரசமும் இட்லிப் பொடியும். ஆகவே பருப்பு நீர் விட்ட ரசம் என்பதைப் பருப்பை மசித்து விட்ட ரசமாக்கினார்கள். இட்லிப் பொடியில் உளுந்தும் கடலைப் பருப்பும் உண்டு. அதில் வறுத்த வேர்க்கடலையையும் சேர்த்து இடிக்கச் செய்தார்கள். மாலையில் தேநீருக்குப் பதில் மோர். பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களுக்கும் தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உணவோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வதும் தடைப்படும். மூன்றாம் வாரத்தில் பாசிப்பயறுச் சுண்டல், இரண்டே கரண்டி அல்ல, இரண்டே தேக்கரண்டி. முட்டையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஈஸ்டர் கழிந்த பிறகு, நிறைய வெங்காயமும் மிளகும் போட்டுப் பொரித்த முட்டையில் ஒரு துண்டு வைத்தார்கள். முகத்தைச் சுளித்தாள், தின்றாள். ஒரு புது உணவைப் பத்துப் பதினைந்து தடவை சிறிது சிறிதாகச் சுவைத்த பிறகுதான் நாக்கு ஒப்புக்கொள்ளும் என்கிறார்கள். அவளுக்கு எத்தனை தடவை ஆயிற்று என்று நாங்கள் எண்ணவில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். முட்டையோ வேர்க்கடலையோ மீனோ உண்டதும் உதடு வீங்கினால், உடம்பில் தடிப்பு வந்தால், மூச்சு இரைத்தால், அது வெறுப்பல்ல, ஒவ்வாமை. அவர்களைப் பழகச் சொல்லி ஊட்டவே கூடாது. மிகச் சிலருக்குப் பிறவியிலேயே, புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை உடல் வெளியேற்ற இயலாத குறை உண்டு. அத்தகைய குழந்தைகள் புரத உணவைத் தாமாகவே ஒதுக்குவார்கள். புரதம் உண்டபின் ஓயாத வாந்தி, தலைவலி, மந்தம், குழப்பம் என்றிருந்தால் மருத்துவரிடம்தான் செல்லவேண்டும். சிறுநீரக நோயாளிகளும் அப்படியே.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவளுக்கு மறுபடி இரத்தம் பார்த்தார்கள். 11.4 இருந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. மாத்திரையும் தொடர்கிறது. அவித்த முட்டையை அவள் இன்றும் தொடுவதில்லை; அது எங்களில் ஒருத்தியின் தட்டுக்குத்தான் வருகிறது. அதற்கு ஈடாக எங்கள் சுண்டலை அவள் எடுத்துக்கொள்கிறாள். இம்முறை சிஸ்டருக்குத் தெரிந்தே நடக்கிறது.