செஞ்சியில் ஒரு ராத்தங்கல்

முதலில் தலையணையை முகர்ந்து பார்ப்பேன். அதன் பிறகுதான் பையைக் கீழே வைப்பேன். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் 31 வருடம் வேலை பார்த்ததில் வந்த பழக்கம். பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்று ஊர் ஊராகப் போய்க் கணக்குப் பார்க்கிற வேலை. அரசு தரும் தினப்படிக்குள் அடங்குகிற லாட்ஜில்தான் தங்கல். அது பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கும்.

செஞ்சிக்கு முதன்முதலாகப் போனது 1997 ஏப்ரலில், ஐந்து நாள் தணிக்கைக்கு. கூட வந்த சக ஊழியரும் பெண். முதல் லாட்ஜில், "லேடீஸ் மட்டும்னா ரூம் குடுக்கிறதில்லீங்க" என்றார்கள். அலுவலக அடையாள அட்டையைக் காட்டியும் பலனில்லை. அடுத்த லாட்ஜில் மொட்டை மாடிக்கு நேர் கீழே ஓர் அறை கிடைத்தது. நாளுக்கு 90 ரூபாய். கதவில் தாழ்ப்பாள் இருந்தது. அது நுழைய வேண்டிய துளை நிலையில் சிதைந்து கிடந்தது. தலையணையில் யாரோ தேய்த்த தேங்காய் எண்ணெய் வாடை.

ரூம் பாயைக் கூப்பிட்டேன். "தம்பி, வேற பெட்ஷீட் இருக்கா?"

"இது நேத்துதாங்க்கா மாத்துனது."

"நேத்து ராத்திரி இதுல யாராச்சும் படுத்தாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கால் மணி நேரத்தில் ஒரு விரிப்பு கொண்டுவந்தான். அப்போதுதான் கொடியிலிருந்து எடுத்திருக்கிறான், ஈரம் போகவில்லை. இரண்டு நாற்காலியில் விரித்து மின்விசிறிக்கடியில் காயவைத்தோம். மேஜையைக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டுப் பதினோரு மணிக்கு மேல் படுத்தோம். தூக்கம் வரவில்லை. பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் கூரை நடுநிசி வரை அனலைக் கக்கியது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் மெத்தையில் மூட்டைப்பூச்சி. இருவரும் சுவரில் சாய்ந்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

அந்த ராத்திரியில் எனக்குள் விழுந்த கேள்வி இது: வாடகை குறைவு என்றால் எதையெல்லாம் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

ஏசி வேண்டாம். டிவி வேண்டாம். லிஃப்ட், காலைச் சிற்றுண்டி, பூப்போட்ட திரைச்சீலை எதுவும் வேண்டாம். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் துவைத்த விரிப்பு, குழாயில் தண்ணீர், உள்ளிருந்து சரியாகப் பூட்டும் கதவு, காற்று வரும் ஜன்னல் ஆகிய நான்கும் சௌகரியக் கணக்கில் வராது. இவை இருந்தால்தான் அது அறை. இதில் ஒன்று குறைந்தாலும் 90 ரூபாய் என்ன, 10 ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் முடிவு.

விரிப்பு ஏன் எப்போதும் பிரச்சினையாக இருக்கிறது என்று பின்னாளில் திண்டிவனத்தில் ஒரு லாட்ஜ்காரரிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். ஒரு கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். பல பேர் இரண்டு செட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். முகூர்த்த நாளிலோ மழைக்காலத்திலோ சலவை ஒரு நாள் தாமதமானால், முந்தின ஆள் படுத்ததையே உதறி மடித்துப் போடுவதுதான் வழி. அவர் சொன்ன பிறகு எனக்குக் கோபம் பாதி குறைந்தது. முழுதும் குறையவில்லை, மூன்றாவது செட் வாங்குவது ஒரே ஒரு தடவைச் செலவு.

மத்திய சுற்றுலா அமைச்சகம் ஓட்டல்களுக்கு நட்சத்திரத் தகுதி தருகிறது. விருப்பப்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம், கட்டாயமில்லை. அதன் கீழ்ப்படியான ஒரு நட்சத்திரத்துக்கே பத்து அறையாவது வேண்டும், அறை 120 சதுர அடி இருக்க வேண்டும், ஒவ்வொரு முறை விருந்தினர் மாறும்போதும் விரிப்பை மாற்றியே தீர வேண்டும். பேருந்து நிலைய லாட்ஜ்கள் இந்த வரிசைக்கே வருவதில்லை. வராவிட்டால் என்ன, கையில் ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 120 சதுர அடி என்பது பன்னிரண்டுக்குப் பத்து. இரட்டைக் கட்டில் போட்டபின் இரண்டு பக்கமும் நடக்க இடமிருக்கும்.

2025 ஜூலை 11-ல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. மராத்தியர் கோட்டைகள் என்று யுனெஸ்கோ சேர்த்த பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டுக்கு இது ஒன்றுதான். செய்தியைப் படித்ததும் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தணிக்கைக்குப் போன ஐந்து நாளில் கோட்டையின் ராஜகிரி மலையை அலுவலக ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலையேற விடுவதில்லை. வெயிலுக்கு முன் ஏற வேண்டுமானால் முதல் நாள் இரவே செஞ்சியில் படுத்திருக்க வேண்டும். திருவண்ணாமலையிலோ புதுச்சேரியிலோ தங்கிவிட்டு வருகிறவர்கள் வெயில் ஏறிய பிறகுதான் படிக்கட்டைத் தொடுகிறார்கள். இந்த ஊருக்கு நல்ல சிறிய அறைகள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இம்முறை 1,200 ரூபாய்க்கு அறை எடுத்தோம். பணம் கட்டுமுன், "ரூமைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றேன். வரவேற்பில் இருந்த பையன் முகம் சுளிக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். காட்ட மறுக்கும் இடத்தில் நான் தங்குவதில்லை. மெத்தை ஓரத்துத் தையலை விலக்கிப் பார்த்தேன். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். ரத்தம் கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் அது உயிரோடு கிடக்கும், ஆகவே "ரூம் ரொம்ப நாளா காலியாத்தான் இருக்கு" என்ற சமாதானம் செல்லாது. குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டேன். கீசர் எத்தனை மணிக்கு வேலை செய்யும் என்று கேட்டேன். தாழ்ப்பாளைப் போட்டு, தங்கை மகளை வெளியே நின்று தள்ளிப் பார்க்கச் சொன்னேன். மேல்மாடி அறையைத் தவிர்த்து நடுமாடி கேட்டு வாங்கினேன்.

இன்னொன்றும் பார்ப்பேன்: தீப்பிடித்தால் எந்த வழியாக இறங்குவது. 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல் பாகில் ஒரு ஓட்டல் தீயில் 17 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையில் மூச்சுத் திணறி. நடைபாதையில் பழைய மெத்தையும் சிலிண்டரும் அடைத்துக் கிடந்தால் வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

பில் கேளுங்கள். 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு லாட்ஜ் பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை. பதிவு எண் இல்லாதவர் அந்த வரியை உங்களிடம் வசூலிக்கவும் கூடாது. ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம்.

தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டமே இல்லை என்று 2019 டிசம்பரில் கோவை விடுதி வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலைக்குப் போன இரண்டு பெண்களை அன்று வாசலோடு திருப்பி அனுப்பியது எனக்கு இன்றும் வலிக்கிறது. அது வழக்கமாக இருந்தது; சட்டமாக என்றுமே இருந்ததில்லை.

அறை எடுத்த மறுநாள் ராஜகிரியில் ஏழாவது நிமிடத்தில் ஒரு முறை, பத்தாவது நிமிடத்தில் ஒரு முறை என்று உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். இறங்கியதும் கல்யாண மகாலைப் பார்த்தோம். கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த குளத்துத் தண்ணீரைச் சுட்ட மண் குழாய் வழியே அந்த மாளிகையின் மேல்தளங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தங்கை மகள் அந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். தங்குகிறவருக்குத் தண்ணீர் மேலே வந்தாக வேண்டும் என்று நினைத்த ஊர் இது.

லாட்ஜுக்குத் திரும்பியபோது முழங்கால் இரண்டும் நடுங்கின. மதியம் ஒன்றரை மணி, கீசர் நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பையனே சமையற்கட்டிலிருந்து ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். "மலைக்குப் போய்ட்டு வர்றவங்க எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றான். கட்டிலில் புது விரிப்பு. தலையணையில் சவுக்காரம் மணந்தது. சாயங்காலம் வரை தூங்கினேன்.

செஞ்சி விடுதிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டையைப் பார்க்க இனி வெளியூர்க்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். வாடகையில் ஐம்பது ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள், தருகிறோம். கட்டிலுக்கு மூன்றாவது செட் விரிப்பு வாங்கிப் போடுங்கள். தாழ்ப்பாள் நுழையும் துளையை இன்றே ஒரு தச்சரைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.