சிகரெட் பெட்டிக்கு ஒரு சென்ட் வரி! காடு வாங்கிய கவர்னர்

மரமும் ஏரியும் ஓட்டா போடப் போகுது? அரசியல்வாதிகள் பலர் போடும் கணக்கு இது. அமெரிக்காவின் கேலார்டு நெல்சன் அதை மாற்றிப் போட்டார்.

1948-ல் விஸ்கான்சின் மாநில மேல்சபைத் தேர்தலில் ஜெயித்தார். பத்து வருஷம் கழித்து கவர்னர் தேர்தலிலும் வெற்றி.

1961-ல் சிகரெட் பெட்டிக்கு ஒரு சென்ட் வரி! அந்தப் பணத்தில் பொதுமக்களுக்காக நிலம் வாங்க 5 கோடி டாலர் திட்டம்.

அடுத்து அமெரிக்க செனட். 1969-ல் சாந்தா பார்பரா கடலில் எண்ணெய் கொட்டிய நாசத்தை நேரில் பார்த்தார். 1970 ஏப்ரல் 22 முதல் 'பூமி தினம்'. 2 கோடி பேர் திரண்டனர்!

1980 தேர்தலில் தோல்வி. முடங்கி உட்காரவில்லை, வனப் பாதுகாப்பு சங்கத்தில் சேர்ந்து காடுகளுக்காக வாதாடினார். 2005-ல் 89 வயதில் காலமானார்.

பதவி போச்சு. பூமி தினம் மட்டும் வருஷம் தவறாமல் வருது!