ஆடுவதை நிறுத்தினார்... ஆட்டக்காரர்களை உருவாக்கினார்! செஸ் கோச் ஆர்.பி.ரமேஷின் கதை

கையில் கிராண்ட்மாஸ்டர் பட்டம். 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன், 2007-ல் காமன்வெல்த் சாம்பியன். வயது முப்பதைத் தாண்டி ஓரிரு வருடங்கள்தான். இந்த நிலையில் ஒருவர், இனிமேல் ஆடப்போவதில்லை, சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பினால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது, இப்போது எதற்கு இந்த வேலை என்பார்கள்.

2008-ல் சென்னையைச் சேர்ந்த ஆர்.பி.ரமேஷ் அதைத்தான் செய்தார். தன் போட்டி ஆட்டத்தை ஓரங்கட்டிவிட்டு, 'செஸ் குருகுலம்' என்ற பயிற்சி மையத்தைத் தொடங்கினார். கூடவே இருந்தவர் மனைவி ஆர்த்தி ராமசாமி. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. 1999-ல் 18 வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் உலக சாம்பியன்!

பிரக்ஞானந்தா, வைஷாலி, அரவிந்த் சிதம்பரம், கார்த்திகேயன் முரளி... இன்று செஸ் ரசிகர்களுக்குத் தெரிந்த இந்தப் பெயர்கள் எல்லாம் ரமேஷிடம் பயிற்சி பெற்றவை.

கிரிக்கெட் கோச் இடைவேளையில் பேசலாம். கபடி கோச் கோட்டுக்கு வெளியே நின்று கத்தலாம். செஸ் கோச் பாவம்! ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் நான்கு, ஐந்து மணி நேரம்கூட வாயைத் திறக்க முடியாது. அணிப் போட்டி என்றால், டிராவுக்குச் சம்மதிக்கலாமா வேண்டாமா என்பது வரைதான் கேப்டன் சொல்லலாம். எந்தக் காயை நகர்த்துவது என்று கண்ணைக்கூட காட்டக் கூடாது. சொல்ல வேண்டியதை எல்லாம் முன்பே சொல்லி முடித்திருக்க வேண்டும். காயைத் தொடாமல் பல நகர்வுகளை மனதுக்குள்ளேயே கணக்குப் போடும் பயிற்சி அதில் முக்கியமானது. அதைப் பற்றி ரமேஷ் 2022-ல் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

அதே 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். இந்திய 'பி' அணி ரமேஷின் பொறுப்பில் இருந்தது. குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால் சரின், ரவுனக் சத்வானி என்று பெரும்பாலும் மீசை அரும்பும் வயசுப் பையன்கள். அனுபவசாலி என்றால் அதிபன் மட்டும்தான். பலம் வாய்ந்த அமெரிக்காவை 3-1 என்று சாய்த்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்கள்.

பத்தாவது சுற்றில் எதிரணி உஸ்பெகிஸ்தான். 16 வயது குகேஷ் நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தை ஒரு தவறான நகர்வால் அப்துசத்தோரோவிடம் இழந்தார். பிரக்ஞானந்தா ஜெயித்தும் ஸ்கோர் 2-2. தங்கம் கைநழுவியது. அந்தத் தவறான நகர்வைத் தடுக்க அரங்கில் யாராலும் முடியாது. தோற்ற பையனுக்கு அன்று ராத்திரி எப்படித் தூக்கம் வந்திருக்கும்? மறுநாளே கடைசி சுற்று. பையன்கள் மறுபடி உட்கார்ந்து ஜெர்மனியை 3-1 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினார்கள். அந்தப் பதக்கத்தைவிட, ஒரே இரவில் அவர்கள் எழுந்து நின்றதுதான் பெரிய விஷயம்.

இத்தனைக்கும் குகேஷ் ரமேஷின் மாணவர் அல்ல. அவரை வளர்த்தவர் இன்னொரு சென்னை கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா. ஊரே கம்ப்யூட்டர் வைத்துப் பயிற்சி எடுத்தபோது, சிறுவன் குகேஷை நீண்ட காலம் அதன் பக்கமே விடாதவர். சொந்த மூளையில் யோசிப்பதுதான் அந்தப் பையனின் பலம் என்ற கணக்கு. எல்லாப் பிள்ளைக்கும் இந்த வழி சரிப்படுமா என்றால், சரிப்படாது. யாருக்கு எது சரிப்படும் என்று கண்டுபிடிப்பதில்தான் கோச்சின் பாதி வேலை இருக்கிறது.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இது இன்னும் சிக்கல். நான்கு வயது மூத்தவர் வைஷாலி. அக்காவைப் பார்த்துத்தான் தம்பி செஸ் பலகை பக்கம் வந்தார். ஆனால் 2018-ல், 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார் தம்பி. மைக்கெல்லாம் அவர் பக்கம் திரும்பியது. 'தம்பியைப் பார்' என்று ஒரு வார்த்தை போதும், எந்தப் பெண்ணும் சுருண்டுவிட! ஜெயித்த பிள்ளைக்குக் கைதட்ட ஆயிரம் பேர் வருவார்கள். வரிசையில் காத்திருக்கும் பிள்ளைக்குத்தான் கோச் அதிகம் தேவை. வைஷாலி விடவில்லை. ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அக்கா, தம்பி இருவருமே கிராண்ட்மாஸ்டர் என்பது உலகிலேயே அதுதான் முதல்முறை.

அந்த மாதமே மத்திய அரசின் விளையாட்டு விருதுப் பட்டியல் வந்தது. துரோணாச்சார்யா விருது ரமேஷுக்கு. அதே பட்டியலில், அர்ஜுனா விருதுக்கு வைஷாலியின் பெயர் இருந்தது.