போருக்கு வேணும், வகுப்புக்கு வேணாம்: பராகுவேயின் குவாரனி

தென் அமெரிக்கான்னா ஸ்பானிஷ், இல்லன்னா போர்ச்சுகீஸ்னுதான் நானும் நினைச்சிட்டு இருந்தேன். பராகுவே கதையே வேற. அங்க பெரும்பாலான மக்கள் பேசுறது குவாரனி. பழங்குடி மொழிதான், ஆனா பேசுறவங்கள்ல பெரும்பாலானோர் பழங்குடி இல்ல. ஸ்பானிஷ் ஆண்களுக்கும் குவாரனிப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைங்க அம்மாவோட மொழியிலதான் வளர்ந்தாங்க. அப்படியே நாடு முழுக்கப் பரவிடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது: நம்ம ‘நாம்’, ‘நாங்கள்’ வித்தியாசம் அங்கயும் உண்டு! கேட்கிறவரையும் சேர்த்தா ‘ஞந்தே’, சேர்க்கலன்னா ‘ஓரே’. ஸ்பானிஷ்ல இந்தப் பிரிவே கிடையாது.

1932-35ல பொலிவியாவோட சாக்கோ போர். எதிரிக்குப் புரியக்கூடாதுன்னு ராணுவத் தகவலெல்லாம் குவாரனியில போச்சு. ஆனா அதே மொழியை வகுப்புல பேசின குழந்தைகளுக்குத் தண்டனை! போர் முடிஞ்சும் பல வருஷம் இதே நிலைமைதான். 1992ல வந்த அரசியலமைப்புதான் ஸ்பானிஷோட சேர்த்து குவாரனியையும் ஆட்சிமொழி ஆக்குச்சு.

சட்டம் வந்தாச்சு. ஆனா குவாரனி மட்டுமே தெரிஞ்ச ஒரு கிராமத்துப் பாட்டி அரசு ஆபீஸுக்குப் போனா, கையில கிடைக்கிற காகிதம் இன்னைக்கும் பெரும்பாலும் ஸ்பானிஷ்லதான் இருக்கும்.