தன்விவரக் குறிப்பு

வேலை வேண்டுவோர் தம் கல்வி, திறன், பட்டறிவு ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி நிறுவனத்திற்கு அளிப்பதே தன்விவரக் குறிப்பு ஆகும். இதனைப் பயோடேட்டா என்றும் அழைப்பர். தேர்வு செய்பவர் நம்மைக் காணும் முன்னர் இத்தாளையே காண்கிறார்.

கணித மேதை சீனிவாச இராமானுசன், 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்தார். அவரிடம் பட்டம் இல்லை. மெட்ரிகுலேசன் தேறியதையும், எஃப்.ஏ. வகுப்புக்கு மேல் படிக்க இயலாமற் போனதையும் அவர் மறைக்கவில்லை. தம் நேரம் முழுவதையும் கணிதத்திற்கே செலவிடுவதாக எழுதினார். அதற்குச் சான்றாக, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரைக் கடிதத்தை இணைத்தார். மார்ச் 1 அன்று, மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் பணியில் சேர்ந்தார்.

உண்மை, சுருக்கம், சான்று ஆகிய மூன்றும் நற்குறிப்பின் இலக்கணம். "நன்றாக ஓவியம் வரைவேன்" என்பதைவிட, எந்தப் போட்டியில் எந்த ஆண்டு பரிசு பெற்றீர் என்பதை எழுதுக. பிழையின்றி ஒரு பக்கத்திற்குள் முடிக்க.

மைசூருவில் வாழும் மாணவர்களே! வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் எனப் பல மொழிகள் உங்களிடம் உள்ளன. "அறிந்த மொழிகள்" என்னும் தலைப்பில் இவற்றைப் பேசவும் எழுதவும் அறிந்தவை, பேச மட்டும் அறிந்தவை எனப் பிரித்து எழுதுக. தமிழ் இன்று இரண்டாம் வரிசையில் இருப்பின் வருந்த வேண்டா. எழுதிப் பழகியபின் அதனை முதல் வரிசைக்கு மாற்றலாம்.