வீட்டுக் குப்பையைப் பிரித்து வைக்கும் முறை

குப்பை என்ற சொல் நம் குடியானவர்களுக்கு இழிவானதன்று. நிலத்துக்குக் குப்பை அடிப்பது என்றால் உரமிடுவது என்றே பொருள். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கீழ்க் கிராம சேவகர்கள் ஊர்தோறும் வற்புறுத்தியவற்றுள் கம்போஸ்டுக் குழியும் ஒன்று. அக்குழியில் விழுந்தவை சாணம், சாம்பல், சருகு போன்றவை. இன்றோ பால் உறை, பிளேடு, தீர்ந்த பாட்டரி, குழந்தையின் டயாப்பர் யாவும் ஒரே வாளியில் விழுகின்றன.

கொடைக்கானல் மலையடிவாரத்திலுள்ள கெங்குவார்பட்டி பேரூராட்சியாகும்; சுற்றிலும் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கிராமங்கள். நிர்வாகம் வேறாயினும், ஓடையில் எறிந்த குப்பை மழை வந்ததும் எல்லை பாராமல் கீழேயுள்ள கண்மாய்க்கும் தோட்டத்துக்கும் போய்ச் சேரும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக வந்த 2026-ஆம் ஆண்டு விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டும் கழிவு என நான்காகப் பிரிக்கின்றன.

காய்கறித் தோல், மீந்த சோறு முதலிய ஈரக் குப்பைக்கு மூடியுள்ள தொட்டி வேண்டும். அடியில் சருகோ பழைய செய்தித்தாளோ இட்டு, நீரை வடித்துப் போட்டால் நாற்றமும் ஈயும் குறையும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது கூடாது. உலர் குப்பைக்குச் சாக்கு ஒன்றே போதும். பால் உறையை மட்டும் அலசிக் காயவைக்க வேண்டும். தேங்காய்ச் சிரட்டையை மழையில் போட்டுவைத்தால் டெங்குக் கொசு அதில் முட்டையிடும். டயாப்பர் போன்றவற்றைத் தாளில் சுற்றித் தனியே கொடுக்க வேண்டும். பாட்டரி, குழல்விளக்கு, காலாவதியான மருந்து, பூச்சிமருந்துப் புட்டி ஆகியவை குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பூச்சிமருந்துப் புட்டியைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது.

வீட்டிலேயே ஏன் பிரிக்க வேண்டும், பிறகு ஆள் வைத்துப் பிரித்தால் ஆகாதா எனச் சிலர் வினவுகின்றனர். ஆகாது. சோற்றுக் கஞ்சியில் ஊறிய காகிதத்தை எவரும் விலைக்கு வாங்கார். தூய்மைக் காவலரின் கையைக் கண்ணாடிச் சில்லு கிழிக்கும். ஈரக் குப்பையோடு சருகு கலந்து, கையில் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் குவித்தால், உள்வெப்பம் 55 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறும். அவ்வப்போது புரட்டிவர, ஏறக்குறைய 2 மாதத்தில் உரமாகும். அவ்வெப்பத்தில் களை விதை சாகும், பிளேடு சாகாது. உரத்தில் வந்த பிளாஸ்டிக் துண்டு மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சோற்று வாடைக்குப் பையோடு சேர்த்துத் தின்ற மாட்டின் வயிற்றில் அது செரிக்காமல் தங்கிவிடும். கொளுத்திவிடலாம் என்பதும் பிழை. பி.வி.சி. எரிந்தால் வரும் டயாக்ஸின் புல்லில் படிந்து பாலில் ஏறும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் ஒன்று கூறுவோம். வாளி வழங்கும் விழாவில் நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் வண்டியில் காட்டியதில்லை. பச்சை வாளியையும் நீல வாளியையும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை இல்லத்தரசி ஒரு நாள் கண்டால், மறுநாள் முதல் அவர் பிரிக்கமாட்டார். அவரைக் குறை கூறவும் இயலாது. ஆதலால் முதலில் வண்டியில் தடுப்பு வைக்க வேண்டும். ஈரக் குப்பையை நாள்தோறும், உலர் குப்பையை வாரம் ஒரு கிழமையிலும் எடுப்பதெனக் கிராம சபையில் முடிவு செய்து, அக்கிழமையைத் தெருப் பலகையில் எழுதிவைக்கலாம். உரம் சலித்த அன்று தென்னை, மா வைத்திருப்போரை அழைத்து, ஒரு கூடை அள்ளிப் பார்க்கச் சொல்லலாம். பால் உறைத் துண்டு ஒன்று அதில் அகப்பட்டால், அந்தக் குப்பை வந்த தெருவில் மறுநாள் காலையே ஓர் உறுப்பினர் வண்டியோடு செல்லட்டும்.